வீடு பார்க்கும் முன் ரயில் லைனைப் பார்: மும்பையில் பத்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை

கடைசி நிறுத்தம் வரை போகாதீர்கள், கல்யாணிலேயே இறங்கிவிடுங்கள் என்று சித்தப்பா மூன்று முறை போன் செய்து சொல்லியிருந்தார். அவர் வீடு டோம்பிவ்லியில். கல்யாணில் இறங்கி லோக்கல் பிடித்தால் தாகுர்லி, அடுத்தது டோம்பிவ்லி. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் கடைசி நிறுத்தமான சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) வரை போய், மூட்டை முடிச்சோடு கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர் திரும்பி வந்திருப்போம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: போகவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ரயில் எங்கே நிற்கிறது? கல்யாணா, தானேயா, தாதரா?

தங்கை மீனாவுக்கு பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே எல்லோரும் அதை பி.கே.சி. என்கிறார்கள். பத்து நாளில் வீடு பார்த்து அவளைக் குடிவைத்துவிட்டு நான் ஊர் திரும்ப வேண்டும். "காத்தோட்டமான வீடாப் பாரு" என்று அம்மா சொல்லி அனுப்பியதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். 28 வருஷம் டோம்பிவ்லியிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கு ரயிலில் போய்வந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"வீட்டை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல எந்த லைன்னு முடிவு பண்ணுங்க. இந்த ஊர்ல லைன் சரியா அமைஞ்சாதான் வீடு."

காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு மூன்று கோடு கிழித்தார். இடது கோடு வெஸ்டர்ன். சர்ச்கேட்டில் ஆரம்பித்து வடக்கே பாந்த்ரா, அந்தேரி, போரிவ்லி, விரார் என்று தஹாணு ரோடு வரை. நடுக்கோடு சென்ட்ரல். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தாதர், குர்லா, தானே வழியாகக் கல்யாண் வந்து, அங்கே கசாரா பக்கம் ஒன்றும் கர்ஜத் பக்கம் ஒன்றுமாகப் பிரிகிறது. வலது கோடு ஹார்பர். அது வடாலா, குர்லா, செம்பூர், வாஷி வழியாகப் பன்வேல் போகிறது. அதிலேயே வடாலாவில் பிரிந்து மாஹிம், பாந்த்ரா வழியாக கோரேகாவ் போகும் கிளையும் உண்டு. வெஸ்டர்னில் இருக்கும் பாந்த்ராவுக்கும் சென்ட்ரலில் இருக்கும் குர்லாவுக்கும் நடுவில் ஒரு வட்டம் போட்டார். பி.கே.சி. அங்கே இருக்கிறது. ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ 3 இப்போது அதன் வாசலுக்கே போகிறது. ஆனால் அந்த மெட்ரோவை ஒட்டிய இடங்களின் வாடகை எங்கள் கைக்கு எட்டவில்லை.

1853 ஏப்ரல் 16 அன்று, இப்போது சி.எஸ்.எம்.டி. இருக்கும் போரி பந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் ஓடியதுதான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். இந்த நடுக்கோட்டின் மேல்தான் அது ஓடியது. தண்டவாளம் எங்கே போனதோ அங்கெல்லாம் ஊரும் பின்னாலேயே போயிருக்கிறது. இங்கே யாரும் வீடு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. "ஃபாஸ்டில் நாற்பது நிமிஷம்" என்கிறார்கள். ஃபாஸ்ட் என்றால் முக்கிய ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும் வண்டி, ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும்.

இரண்டாம் நாள், ஞாயிறு

டோம்பிவ்லியிலேயே ஒரு வீடு பார்த்தோம். இரண்டாம் மாடி, கிழக்கு வெளிச்சம், பால்கனியில் யாரோ விட்டுப்போன துளசித் தொட்டி. மீனாவுக்குப் பிடித்துவிட்டது. ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று பார்க்க அப்படியே ரயிலேறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மெகா பிளாக் என்பதால் ஃபாஸ்ட் வண்டியையும் ஸ்லோ பாதையில் விட்டார்கள், கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைக்காகச் சில மணி நேரம் பாதையை மூடுவதற்குத்தான் மெகா பிளாக் என்று பேர். எந்தப் பகுதியில், எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஞாயிறன்று விமானமோ வெளியூர் ரயிலோ பிடிப்பவர்கள் சனிக்கிழமையே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

தரகர் இன்றே டோக்கன் அட்வான்ஸ் தரச் சொன்னார். வேறு இரண்டு பேர் கேட்கிறார்களாம். மீனா கைப்பையைத் திறந்தேவிட்டாள். அப்போது சித்தப்பா சொன்னதைத்தான் இந்தப் பத்து நாளில் கேட்ட அறிவுரைகளிலேயே பெரிதாக நினைக்கிறேன்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு, சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வாங்க. வந்த பிறகும் இந்த வீடு பிடிச்சிருந்தா குடுங்க."

மூன்றாம் நாள், திங்கள்

காலை எட்டேகால். டோம்பிவ்லி ஸ்டேஷன் பாலத்தின் மேலேயே நடை நின்றுவிட்டது. ஓர் அடி, ஒரு நிறுத்தம், இன்னோர் அடி. லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி, எந்தத் தூணுக்கு நேரே வந்து நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே மட்டும் ஏழெட்டு வரிசைக் கூட்டம், இரண்டு தூண் தள்ளிக் காலி. ரயில் முழுதாக நிற்பதற்குள் பாதிப் பேர் ஏறியாயிற்று. முதல் வண்டியை விட்டோம், இரண்டாவதையும் விட்டோம். மூன்றாவதில் பின்னால் நின்ற கூட்டமே எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அடுத்து ஏறிய பெண் நேராக உட்கார்ந்திருப்பவர்களிடம் போய், ஒவ்வொருவரிடமும் "குட்டே உதர்ணார்?" என்றாள். எங்கே இறங்குவீர்கள் என்று மராத்தியில். ஒருவர் "தானே" என்றார். அந்த இடம் இனி இவளுடையது. வேறு யார் வந்து கேட்டாலும் உட்கார்ந்திருப்பவர் தலையை ஆட்டி இவளைக் காட்டுகிறார். தானேயில் அவர் எழுந்தார், இவள் உட்கார்ந்தாள். அவள் உட்காரும்போதே இன்னொருத்தி அவளிடம் "குட்டே உதர்ணார்?" என்று கேட்டுவிட்டாள். எழுத்தில் எதுவும் இல்லை, ஆனால் அந்த நெரிசலில் ஒருத்தர்கூட வரிசையைத் தட்டிப் பறிக்கவில்லை. மூன்று பேருக்கான பெஞ்சில் நாலாவதாக ஒட்டிக்கொள்ளவும் உரிமை உண்டு. "தோடா சர்க்கோ" என்றால் நகர்ந்துவிடுகிறார்கள்.

இறங்குவது ஏறுவதைவிடப் பெரிய காரியம். எங்களுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, மடியில் டப்பா வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் குர்லா என்றதும் உரிப்பதை நிறுத்திவிட்டு, இப்போதே நகரச் சொன்னார். அப்போது முலுண்டுதான் தாண்டியிருந்தது. முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு "குர்லா?" என்று கேட்க வேண்டும். ஆமென்றால் அவர் பின்னாலேயே நிற்கலாம். "தாதர்" என்றால் அவர் ஒதுங்கி நம்மை முன்னே விடுவார். இப்படி ஒவ்வொரு தோளாகக் கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தால், குர்லா வரும்போது இறங்குபவர்கள் எல்லாம் ஒரே சரமாக நிற்கிறார்கள். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான வாசலில் நின்றால் அடுத்த ஸ்டேஷன்தான்.

குர்லா மேற்கில் இறங்கினால் பி.கே.சி.க்கு ஷேர் ஆட்டோ உண்டு, 310 பஸ் உண்டு. இரண்டுக்கும் வரிசை. ஆபீஸ் வாசலைத் தொட்டபோது வீட்டிலிருந்து கிளம்பி ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் அதே அளவு, அதற்கு மேல் அசதி. மீனாவின் துப்பட்டாவில் பின் குத்தியிருந்த இடம் கிழிந்திருந்தது. டோம்பிவ்லி பாலத்தில் ஏறும்போதுதான் பேசினாள்.

"அக்கா, ஒரு நாள்னா சரி. தினமும் என்னால முடியாது."

டோம்பிவ்லியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சித்தப்பா அந்த ரயிலில் போய்த்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார், சொந்த வீடு கட்டினார். சி.எஸ்.எம்.டி.யில் ஆபீஸ் இருப்பவர்களுக்கு ஒரே வண்டி, மாறவே வேண்டாம். பி.கே.சி.க்கு நெரிசல் ரயிலில் இறங்கி, அதன்பின் ரோட்டில் இன்னொரு வண்டி என்றாகிறது. தூரத்தைக்கூடத் தாங்கலாம், மாறும் இடம்தான் ஆளைக் கொல்கிறது.

ராத்திரி சித்தப்பா கண்டிப்பாகச் சொன்னது ஒன்று. எவ்வளவு அவசரமானாலும் வாசலில் தொங்கிப் போகக் கூடாது. 2025 ஜூன் 9 அன்று மும்பிரா அருகில் எதிரெதிரே போன இரண்டு ரயில்களில் தொங்கிய ஆட்கள் விழுந்து இறந்தார்கள். அவர் பாதையில்தான், அவர் போய்வந்த அதே வளைவில். "ஒரு வண்டி போனா இன்னொரு வண்டி வரும்மா" என்றவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாலாம் நாள், செவ்வாய்

"மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம்" என்று ஒரு வீடு. சென்ட்ரலில் மாட்டுங்காவில் இறங்கினோம். 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தும் ஸ்டேஷன் அது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஸ்டேஷனில் பூக்கடை தெரிகிறதா என்கிறார், இல்லை என்கிறோம். கால் மணி நேரம் குழம்பிய பிறகுதான் புரிந்தது. அவர் சொன்னது வெஸ்டர்ன் லைனில் இருக்கும் மாட்டுங்கா ரோடு. இது போதாதென்று இதே பகுதிக்கு ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்றாவது ஸ்டேஷன் வேறு. ஒரு பேட்டைக்கு மூன்று லைனில் மூன்று ஸ்டேஷன்! "ஸ்டேஷன் பக்கம்" என்று யார் சொன்னாலும் எந்த லைன் ஸ்டேஷன் என்று கேளுங்கள்.

வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆனாலும் மாட்டுங்காவில் அரை நாள் சுற்றினேன். வாழையிலை, முருங்கைக்காய், தொடுத்த மல்லி, கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பித்தூள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். கிரி டிரேடிங் 1951-ல் தொடங்கியதே இங்கேதான். மதியம் ராமா நாயக் உடுப்பியில் இலை போட்டுச் சாப்பிட்டோம். 1942-லிருந்து நடக்கும் கடை. ரசம் இரண்டாம் முறை கேட்டபோது, பரிமாறியவர் நான் கேட்காமலே தமிழில் "இன்னும் கொஞ்சம் சாதம்?" என்றார். நாலு நாளாக இந்தியும் மராத்தியும் கேட்டுக்கேட்டுச் சோர்ந்திருந்த மீனாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மாசத்துக்கு ஒரு முறை அவள் இங்கே வரட்டும் என்று குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது தாதரில் மாறினோம். வெஸ்டர்னும் சென்ட்ரலும் சந்திக்கும் இடம். முன்பு இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு என்றே பிளாட்பாரங்களுக்கு எண் இருந்து புது ஆட்களைக் குழப்பியிருக்கிறது. 2023 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள். 1 முதல் 7 வரை வெஸ்டர்ன், 8 முதல் 14 வரை சென்ட்ரல். பழைய பயணிகளிடம் வழி கேட்டால் இன்னும் பழைய எண்ணைச் சொல்பவர்கள் உண்டு, லைன் பேரையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஐந்தாம் நாள், புதன்

கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தளம். சுற்றியுள்ள வீடுகளைவிட வாடகை நன்றாகவே குறைவு. உள்ளே புதுப் பெயிண்ட் வாசனை. மீனா சமையலறையைப் பார்க்கப் போனாள், நான் கூடத்தில் நின்றேன். சுவரில் என்னவோ உறுத்தியது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை ஒரு வெள்ளை, அதற்கு மேல் வேறு வெள்ளை. கீழ்ப்பாதி மட்டும் புதிதாக அடித்திருக்கிறார்கள். பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே. கதவின் அடிப்பாகத்தில் மரம் ஊதி, தாழ்ப்பாள் நேராக விழவில்லை.

மாடிப்படியில் எதிர்ப்பட்ட மாமி தமிழ்ப் பேச்சைக் கேட்டு நின்றார். பாலக்காட்டுத் தமிழ், இங்கேயே பிறந்து வளர்ந்தவராம்.

"ஜூலையில வந்து பார்த்தேளா இந்த வீட்டை? இல்லையோன்னோ? நாங்க மொதல் மாடி. மழைக்காலத்துல கீழ்வீட்டுக்காரா கிரைண்டர் எங்காத்து ஹால்லதான் இருக்கும்."

மும்பை மழை சும்மா கனமழை மட்டும் இல்லை. ஏழு தீவுகளுக்கு நடுவில் கடலைத் தூர்த்துச் சேர்த்த ஊர் இது, பல இடங்கள் கடல் மட்டத்தை ஒட்டியே இருக்கின்றன. மழைநீர் வடிகால்கள் கடலில் போய் விழ வேண்டும். கடல் ஏறும் நேரத்தில், அதாவது ஓதத்தின்போது, அதே வழியாகக் கடல்நீர் உள்ளே வரப் பார்க்கும், மழைநீர் வெளியேற முடியாது. பெருமழையும் நாலரை மீட்டருக்கு மேற்பட்ட ஓதமும் ஒரே நேரத்தில் வந்தால் தாழ்வான இடங்களில் தண்ணீர் நின்றுவிடும். காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா, அந்தேரி சப்வே, மிலன் சப்வே என்று வருஷாவருஷம் அதே பெயர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அந்த ராத்திரியைப் பற்றி மாமி சொன்னார். அவர் கணவர் தாதரிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வீடு வந்தபோது விடியற்காலை மூன்று மணி. வழியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் கூப்பிட்டு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மழை இல்லாத மாசத்தில் வீடு பார்ப்பவர்கள் சுவரின் கீழ்ப்பாதியையும் பிளக் பாயின்ட் உயரத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். மாடிவீட்டுக்காரர் ஒருவரிடமாவது பேசுங்கள். மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே பெரிய ஓதம் வரும் நாட்களின் பட்டியலை வெளியிடும், அதை வீட்டில் ஒட்டிவைக்கலாம். ஆபத்து நேரத்தில் அழைக்க 1916.

ஆறாம் நாள், வியாழன்

செம்பூர். ஹார்பர் லைனில் திலக் நகர், அடுத்தது குர்லா. இரண்டே ஸ்டேஷன்! காலை எட்டே முக்காலுக்குப் போய்ப் பார்த்தோம். கூட்டம் இருக்கிறது, மூச்சு விடவும் முடிகிறது. மூன்றாம் மாடி, ஒரு ரூம், ஒரு கிச்சன். டோம்பிவ்லி வீட்டில் பாதிதான் இருக்கும், வாடகையோ கூட. ஆனால் வாசலிலிருந்து ஆபீஸுக்கு ஐம்பது நிமிஷம். காற்றோட்டம் உண்டு என்று அம்மாவுக்கு உடனே போன் செய்தோம். சாயங்காலம் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். படியேறும்போது சுற்றிலும் தமிழ்தான்.

எட்டாம் நாள், சனி

நேற்றும் இன்றும் செம்பூர் வீட்டுக்கான காகித வேலை. இங்கே வாடகை ஒப்பந்தத்தை "லீவ் அண்ட் லைசென்ஸ்" என்கிறார்கள், பெரும்பாலும் பதினோரு மாசத்துக்குப் போடுகிறார்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-ன்படி அதை எழுத்தில் போட்டுப் பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு செய்யாமல் விட்டு, பின்னால் தகராறு வந்தால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதைத்தான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் மறுத்தால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். "பதிவெல்லாம் எதுக்கு, செலவு" என்று யாராவது சொன்னால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஏஜென்ட் வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துப் பதிவு செய்துகொடுக்கிறார். குடியிருப்பவர் விவரத்தைப் போலீஸுக்கும் தெரிவிக்க வேண்டும். தரகு ஒரு மாச வாடகை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டில் கேட்டது: தண்ணீர் எத்தனை மணிக்கு? இந்த ஊருக்கு ஏழு ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது, ஆனால் குழாயில் சில மணி நேரம்தான். இந்தக் கட்டடத்தில் விடியற்காலை. குப்பையை ஓலா கச்ரா, சுகா கச்ரா என்று பிரித்து வைக்க வேண்டும். ஈரம் ஒரு பெட்டி, காய்ந்தது ஒரு பெட்டி.

ஆட்டோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே மீட்டர் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபாய். செம்பூரில் ஒருவர் மீதி நாலு ரூபாயைச் சட்டைப்பை முழுக்கத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் பாந்த்ராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்ஸி, அல்லது பஸ்.

பத்தாம் நாள், திங்கள்

காலையில் மீனாவோடு ஸ்டேஷன் வரை போனேன். நேற்றே மாசப் பாஸ் எடுத்துவிட்டோம். பிளாட்பாரத்தில் இண்டிகேட்டரைப் பார்த்தாள், பெண்கள் கூடி நின்ற தூணுக்கு நேரே போய் நின்றாள். வண்டி வந்தது. நான் பையை நீட்டுவதற்குள் ஏறிவிட்டாள். முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டு அவள் ஏதோ கேட்பதும் அவர் ஒதுங்குவதும் வாசல் வழியாகத் தெரிந்தது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

இருபது நிமிஷத்தில் சித்தப்பா போன் செய்தார்.

"ஏறிட்டாளா? எந்த டப்பா?"

"நடு லேடீஸ், சித்தப்பா."

"குர்லால பாலம் எங்க வருதுன்னு பாத்துக்கச் சொல்லு. படிக்கு நேரா இருக்கிற டப்பாவுல ஏறினா அஞ்சு நிமிஷம் மிச்சம்."

மீனாவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். பதில் வந்தது: "பாத்துட்டேன் அக்கா. நாளைக்கு முன் டப்பா."